காணி உறுதியும் மாணவர் விசாவும்

கடல்கடந்து படிக்கச் செல்வது யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. ஆனால் பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளும் 2023 முதல் மாணவர் விசா விதிகளை அடுத்தடுத்து இறுக்கிவரும் வேளையிலும், குடாநாட்டின் பல குடும்பங்கள் பழைய விதிகளையே நம்பிக் காணியை ஈடுவைத்துப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பயணத்தால் வரும் வருமானத்தில் முகவர், கல்லூரி, வங்கி, விமான நிறுவனம் என்று பலருக்குப் பங்கு உண்டு. நட்டம் வந்தால் அது காணியை ஈடுவைத்த ஒரு வீட்டின் தலையில் மட்டுமே விழுகிறது.

இந்தப் பாரத்தை எவ்வாறு பங்கிடுவது, எங்கே தடுத்து நிறுத்துவது என்பது தனியொரு குடும்பத்தின் சிக்கலாக இதுவரை பார்க்கப்பட்டு வந்தது. அதைக் குடாநாட்டின் பொதுக் கேள்வியாகப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆசிரியர் இருந்த இடத்தில் முகவர்

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். உள்ளூர்ப் பாடசாலை ஒன்றில் தொடங்கிய கல்வி கடலுக்கு அப்பால் முடிவுபெறுவது அன்றுதொட்டே குடாநாட்டின் வழக்கங்களுள் ஒன்றாகியது.

1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. பரீட்சை எழுதிய மொழியையும், பின்னர் மாவட்டத்தையும் கருத்திற்கொண்டு பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகளை மாற்றியமைத்த அந்த முறை, நல்ல புள்ளிகள் பெற்றும் இடம் கிடைக்காத ஒரு தலைமுறையை உருவாக்கியது. வசதியிருந்த வீடுகளின் பிள்ளைகள் கணக்கியலும் பொறியியலும் படிக்க இலண்டனுக்குப் புறப்பட்டனர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்ட பின்னரும் அந்தப் பாதை மூடப்படவில்லை. 1983இன் பின்னர் போர் அதை மேலும் அகலமாக்கியது.

அக்காலத்தில் எங்கே போவது, எதைப் படிப்பது என்ற அறிவுரை அதிபரிடமிருந்தோ, பாடம் கற்பித்த ஆசிரியரிடமிருந்தோ, முன்னர் போன உறவினரின் கடிதத்திலிருந்தோ வந்தது. அறிவுரை சொன்னவர் ஊரிலேயே இருந்தார். அது பிழைத்தால் அந்த வீட்டாரின் முகத்தில் விழிக்கவேண்டியவராகவும் இருந்தார். இன்று அந்த இடத்தில் முகவர் இருக்கிறார். யாழ் நகரின் பிரதான வீதிகளில் ரியூசன் விளம்பரங்களுக்குப் பக்கத்திலேயே ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்பு, மாணவர் விசா என்ற பதாகைகளும் தொங்குகின்றன.

ஏன் புறப்படுகிறார்கள்?

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதிபெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. எஞ்சிய மூவரும் பரீட்சையில் தோற்றவர்கள் அல்லர். இடமின்மையால் வெளியே நிற்பவர்கள். 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கி, அதன் பெறுபேறுகள் அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியானதைப்போல, காத்திருப்பே ஓர் ஆண்டை விழுங்கிவிட்ட தொகுதிகளும் உண்டு.

இதற்கிடையே 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 2021இல் மூன்றாண்டுப் படிப்புக்கென்று கணக்கிட்டுப் பிள்ளையை அனுப்பிய தகப்பன், அதே கட்டணத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு ரூபா தேடவேண்டியவரானார். ஆயினும் நெருக்கடி புறப்பாட்டைக் குறைக்கவில்லை. உழைப்பின் பெறுமதி ரூபாவில் கரைந்தபோது, வெளிநாட்டுக் காசின் கவர்ச்சியே கூடியது.

ஆகவே, "படிக்கப் போகிறான்" என்ற சொல்லுக்குள் பெரும்பாலும் இரண்டு பயணங்கள் அடங்கியிருக்கின்றன: ஒன்று பட்டம் பெறுவதற்கான பயணம், மற்றது அந்நாட்டிலேயே நின்றுவிடுவதற்கான பயணம். இரண்டும் இழுக்கல்ல. ஆனால் இரண்டின் செலவும் விதியும் ஆபத்தும் வெவ்வேறானவை. முதலாவதுக்கு வழங்கப்படும் விசாவைக்கொண்டு இரண்டாவதை முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் குடும்பங்கள் சறுக்குகின்றன.

மாறிவிட்ட விதிகள்

பிரித்தானியாவில் 2024 ஜனவரி முதல், ஆய்வுப் பட்டம் படிப்பவர் போன்ற சிலரைத் தவிர, மாணவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துச்செல்ல முடியாது. படிப்பு முடிவதற்கு முன்னர் மாணவர் விசாவைத் தொழில் விசாவாக மாற்றும் வழி 2023 ஜூலையிலேயே அடைக்கப்பட்டது. பட்டம் பெற்றபின் வேலை தேடுவதற்கென வழங்கப்படும் இரண்டாண்டு அனுமதி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, கலாநிதிப் பட்டம் பெற்றோர் நீங்கலாக, 18 மாதங்களாகக் குறைகிறது.

அந்த 18 மாதங்களின் பின்னரும் அங்கே நிற்பதற்குத் தொழில் விசா வேண்டும். அதற்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025 ஜூலையில் 41,700 பவுண் ஆக உயர்த்தப்பட்டது. புதிய பட்டதாரிகளுக்குச் சற்றுச் சலுகை உண்டு. எனினும் வேலை பட்டதாரித் தரத்தினதாக இருக்கவேண்டும் என்ற விதியும் உடன் வந்துள்ளது. கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ வேலை செய்துகொண்டு காலப்போக்கில் வதிவிட உரிமை பெறலாம் என்ற பழைய கணக்கு இதனுடன் பொய்த்துவிடுகிறது.

கனடா 2024இல் புதிய மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அவ்வாண்டுக்கான இலக்கு ஏறத்தாழ 360,000 என அறிவிக்கப்பட்டது. தனி மாணவர் ஒருவர் முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்கெனக் காட்டவேண்டிய தொகை, நீண்டகாலம் 10,000 கனேடிய டொலராக இருந்து, 2024இல் 20,635 ஆகவும், 2025 செப்டெம்பரில் 22,895 ஆகவும் உயர்ந்தது. இது படிப்புக் கட்டணத்துக்கு மேலதிகமானது.

2024 நவம்பர் முதல் விண்ணப்பிப்போருள் கல்லூரி டிப்ளோமா படிப்பவர்களுக்குப் படிப்பின் பின்னரான வேலை அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. கனடாவுக்குத் தேவையானவை என்று அரசு பட்டியலிட்ட துறைகளுக்குள் அந்தப் படிப்பு அடங்கவேண்டும். "எந்தக் கல்லூரியானாலும் சரி, உள்ளே போனால் போதும்" என்று ரொறன்ரோவில் இருபது ஆண்டுகளாக வாழும் உறவினர் சொல்லும் யோசனை, நல்ல மனத்தோடு சொல்லப்பட்டாலும், காலம் கடந்த யோசனையாகும்.

அவுஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆகவும், அடுத்த ஆண்டு 2,000 ஆகவும் உயர்த்தியது. விசா மறுக்கப்பட்டால் இந்தக் காசு திரும்பி வராது. அதாவது, விண்ணப்பிப்பதே ஒரு பந்தயமாகிவிட்டது.

வேலை செய்து சமாளிக்கலாமா?

"அங்கே போனால் பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம்" என்ற வார்த்தைதான் குடாநாட்டில் மிக அதிகமாக விற்பனையாகும் பொருள். அந்த வார்த்தையைப் பிரித்தானிய அரசின் எண்களைக்கொண்டே அளந்து பார்க்கலாம்.

பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 12.21 பவுண். அதன்படி ஒரு வாரத்துக்கு 244 பவுணும், மாதத்துக்கு ஏறத்தாழ 1,058 பவுணும் கிடைக்கும்.

விசாவுக்காக மாணவர் காட்டவேண்டிய மாத வாழ்க்கைச் செலவு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அளவின்படி, இலண்டனில் 1,529 பவுண், இலண்டனுக்கு வெளியே 1,171 பவுண். சட்டத்துக்கு உட்பட்டு ஒரு வாரமும் தவறாமல் உழைத்தாலும், இலண்டனில் மாதத்துக்கு 471 பவுண் குறைகிறது. வெளியூரிலும் 113 பவுண் குறைகிறது. வாடகையும் சாப்பாடுமே முழுமையாகக் கட்டுப்படியாகாத இந்த வருமானத்திலிருந்து கட்டணத்துக்கோ, ஊரில் ஈடுவைத்த காணியின் வட்டிக்கோ ஒரு சதமும் மிஞ்ச வழியில்லை.

கோடை விடுமுறையில் முழுநேரம் உழைக்கலாம் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. யாழ்ப்பாணத்திலிருந்து பலர் தெரிவுசெய்யும் ஓராண்டு முதுமாணிப் படிப்பில், கோடைகாலம் ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம் என்பதால் அதுவும் தவணைக் காலமாகவே கொள்ளப்படும்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப மாணவர் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் உழைக்கிறார். அந்த வேலைக்குப் பதிவு இராது. கூலி குறைவாக இருக்கும். முதலாளி ஏமாற்றினாலும் முறைப்பாடு செய்ய முடியாது, ஏனெனில் முறைப்பாடு செய்பவரின் விசாவே முதலில் கேள்விக்குள்ளாகும். நித்திரை குறைந்து, விரிவுரைக்கு வருகை குறைந்தால், அதைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. படிப்பைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கிய வேலை படிப்பையே தின்றுவிடும் வழி இதுதான்.

ஆபத்து யாருடையது?

பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பல கல்வி நிறுவனங்கள், மாணவரைச் சேர்த்துத்தரும் முகவருக்குத் தரகுப் பணம் கொடுக்கின்றன. இது சட்டவிரோதமானதல்ல. ஆனால் "உங்களிடம் ஒரு சதமும் வாங்கமாட்டோம்" என்று சொல்லும் முகவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதைக் குடும்பம் விளங்கிக்கொள்ளவேண்டும். பிள்ளைக்குப் பொருத்தமான படிப்பும், அதிக தரகு தரும் படிப்பும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அடுத்தது வங்கியில் காட்டும் காசு. பிரித்தானிய விசாவுக்கு வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்கவேண்டும். அத்தொகை இல்லாத வீட்டுக்கு வட்டிக்குக் காசு போட்டுக்காட்டுவதும், அது முடியாவிட்டால் போலி வங்கிக் கடிதம் தயாரிப்பதும் சில இடங்களில் ஒரு சேவையாகவே நடக்கின்றன. கண்டுபிடிக்கப்பட்டால் முகவருக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவார். மாணவருக்கோ பிரித்தானியாவில் பத்து ஆண்டுகள்வரை தடை, கனடாவில் ஐந்து ஆண்டுகள் தடை. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர் அவரே என்பதால், "எனக்குத் தெரியாது" என்ற பதில் அங்கே எடுபடாது.

போலி அனுமதிக் கடிதத்தால் நேர்ந்ததை 2023இல் கனடாவில் பஞ்சாப் மாணவர் பலர் அனுபவித்தனர். முகவர் கொடுத்த கல்லூரிக் கடிதம் போலியென்று அவர்களில் பலருக்குத் தெரியவந்தது, பல ஆண்டுகள் அங்கே படித்து, உழைத்து, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்த பிறகே. அதன் பின்னர், 2023 டிசம்பர் முதல், ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே உறுதிப்படுத்தும் முறையைக் கனடா கொண்டுவந்தது.

கடிதம் உண்மையாக இருந்தாலும் நிறுவனம் நிலைக்குமா என்பது வேறு கேள்வி. 2012 ஓகஸ்டில் இலண்டன் மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதி நீக்கப்பட்டபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வேறு இடம் தேடவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். பெரியதொரு பல்கலைக்கழகத்துக்கே இது நேருமாயின், கடைத்தொகுதி மாடியில் இயங்கும் சிறு கல்லூரியின் உறுதிமொழி எவ்வளவு பெறும்?

மருத்துவக் கல்வியில் ஆபத்து பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். பங்களாதேஷ், சீனா, ரஷ்யா போன்ற நாடுகளில் மருத்துவம் படித்துத் திரும்புபவர், இலங்கை மருத்துவச் சபை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தில் படித்திருக்கவேண்டும். அதன்பின் சபை நடத்தும் பதிவுக்கான பரீட்சையிலும் சித்திபெறவேண்டும். படிப்பு முடிந்தபின் இவற்றை விசாரிப்பதில் பயனில்லை.

ஊரிலும் அங்கும்

பரம்பரைக் காணி, தாயின் நகை, சீட்டுக்காசு, தங்கைக்கென்று வைத்திருந்த சீதனம் என்று ஒரு வீட்டின் கையிருப்பு முழுவதும் ஒரு பிள்ளையின் விமானச்சீட்டில் சேரும்போது, அந்தப் பிள்ளை தோற்பதற்கான உரிமையையும் இழந்துவிடுகிறது. படிப்பு ஒத்துவரவில்லை, உடல் தாங்கவில்லை, திரும்பி வருகிறேன் என்று தொலைபேசியில் சொல்லும் துணிவு அதற்கு வராது. வெளியே போனவர் அனுப்பும் புகைப்படத்தில் பனியும் பாலமும் தெரியும். நிலக்கீழ் அறையில் நான்கு பேர் முறைவைத்துப் படுப்பது தெரியாது.

வழியற்றுப்போன சிலர் தஞ்சம் கோருகின்றனர். 2024இல் பிரித்தானியாவில் மாணவர் விசாவில் வந்து தஞ்சம் கோரியோர் ஏறத்தாழ 16,000 பேர் என்று அந்நாட்டு அரசே கூறியது. இலங்கையரும் அதில் கவனிக்கத்தக்க பங்கினர். உண்மையான அச்சம் உள்ளவருக்குத் தஞ்சம் கோரும் உரிமை உண்டு, அதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் கடனிலிருந்து தப்பும் கடைசி வழியாக அது பயன்படும்போது, அடுத்த ஆண்டு உண்மையாகவே படிக்க விரும்பி விண்ணப்பிக்கும் பருத்தித்துறை மாணவியின் கோப்பு கூடுதல் ஐயத்தோடு திறக்கப்படுகிறது.

செய்யக்கூடியவை

முதலாவதாக, மாணவரை அனுப்பும் முகவர்களுக்கெனத் தனிச் சட்டப் பதிவு வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர்களுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. அது வேலைக்குச் செல்வோரை நோக்கிய சட்டம். அதே வழியில் கல்வி முகவரிடமும் பிணைப்பணம் பெறப்படவேண்டும். தமிழில் எழுதிய ஒப்பந்தம், பெறும் தரகின் விபரம், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு காசு எத்தனை நாட்களில் திரும்பும் என்ற வாசகம் ஆகியவை கட்டாயமாகவேண்டும்.

இரண்டாவதாக, யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகமும், சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் கொன்சியூலர் அலுவலகமும் இப்போது இயங்குகின்றன. படிக்கப் போகும் ஒவ்வொருவரும் எப்படியும் அங்கே வரவேண்டியிருப்பதால், அதே வளாகத்தில் இரண்டு அலுவலர்களைக்கொண்ட ஒரு மாணவர் ஆலோசனைப் பீடம் போதும். பிரித்தானியாவின் அனுமதிபெற்ற நிறுவனப் பட்டியல், கனடாவின் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிப் பட்டியல், அவுஸ்திரேலியாவின் படிப்புப் பதிவேடு ஆகிய மூன்றும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரியின் பெயரைத் தட்டிப்பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது.

மூன்றாவதாக, பழைய மாணவர் சங்கங்கள். குடாநாட்டின் பெரிய பாடசாலைகள் பலவற்றுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் கிளைகள் உண்டு. மண்டபம் கட்டவும் மைதானம் திருத்தவும் அவை காசு அனுப்புகின்றன. ஆண்டுக்கு ஒரு மண்டபத்தைக் குறைத்தாலும் குறையில்லை, தம் பாடசாலையிலிருந்து வரும் மாணவரின் கல்லூரியை நேரில் விசாரித்துச் சொல்வதையும், வந்திறங்கிய முதல் மாதம் தங்க இடம் தேடித்தருவதையும் அவை பொறுப்பேற்கலாம். ஆசிரியர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பத் தகுதியானவர்கள் முகவர்களைவிட இவர்களே.

நான்காவதாக, செலவு குறைந்த வழிகள் முதலில் ஆராயப்படவேண்டும். இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் ஆகியவற்றின் விண்ணப்பத் திகதிகள் ஒவ்வொரு பாடசாலையின் அறிவித்தற் பலகையிலும் தொங்கவேண்டும். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில், அதாவது மாதந்தோறும் ஒரு பங்கு மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில், இடவேண்டும் என்பது 2024 செப்டெம்பர் முதல் உள்ள விதி. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகமும் இங்கேயே உள்ளன; இங்கு முதற் பட்டம் பெற்று, முதுமாணிக்குப் புலமைப்பரிசிலோடு செல்பவரின் செலவும் ஆபத்தும் மிகக் குறைவு.

ஐந்தாவது கடமை குடும்பத்துக்குரியது. கையெழுத்திடுவதற்கு முன்னர் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதப்படவேண்டும்: முழுப் படிப்புக்கான கட்டணம், முழுக் காலத்துக்கான வாழ்க்கைச் செலவு, கடனும் அதன் வட்டியும், பட்டத்தோடு ஊர் திரும்பினால் அக்கடனை அடைக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்ற கணக்கு. பகுதிநேர வேலையின் வருமானத்தை அந்தத் தாளில் எழுதவே கூடாது. வந்தால் அது மேலதிகம்.

காசை உண்டியலில் அனுப்பாமல் வங்கியூடாகக் கல்லூரியின் கணக்குக்கு நேராக அனுப்பவேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத காசைத் திருப்பிக்கேட்க எந்த நீதிமன்றமும் உதவாது. குடியிருக்கும் வீட்டின் உறுதி மட்டும் எக்காரணத்துக்காகவும் ஈட்டுக்குப் போகக்கூடாது. நான்காவது வரிக்கு விடை எழுத முடியாத வீடு, அந்த ஆண்டு விமானச்சீட்டு வாங்காமல் இன்னோர் ஆண்டு காத்திருப்பது தோல்வியாகாது. திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருக்கும் பிள்ளையே அங்கே நிம்மதியாகப் படிக்கும்.